ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கை

முதலில் ஒரு அடி விழும். கனமான அடி இல்லை. அரிசி ஊறிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்ப்பதுபோல ஒரு அடி. பிறகு, அடித்தவர் தான் அடித்ததை நினைத்துக் கொஞ்சம் தயங்குகிற நேரம். பிறகு இன்னொரு அடி, அதன் பின்னாலேயே கிணுக்கென்று ஒரு சின்ன உலோகச் சத்தம். எத்தனையோ வருடங்களுக்கு முன்னால், பாலக்கரையில், ஒரு மத்தியான வேளையில், யாரும் கை வைக்காத ஒரு பெட்டியிலிருந்து வந்த சத்தம் அது. இன்றைக்கும் முறத்தைப் பார்த்தால் எனக்கு அது கேட்கிறது, ஏனென்றால் அன்றைக்கு எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு முறத்தில் பருப்பை வைத்துக்கொண்டு அமலோற்பவத்தின் மாடி வீட்டில் உட்கார்ந்து, அவளுடைய புருஷனோடு ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவள் யார் என்று கண்டுபிடிப்பதற்காக, கல் பொறுக்குவதையும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அமலோற்பவம் பாடகி. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று எங்கே மெல்லிசைக் கச்சேரி என்றாலும் அவள் குரல் இருக்கும், அவள் குரல் இருக்கிற இடத்தில் அவள் புருஷன் சந்தியாகுவின் எலெக்ட்ரானிக் டிரம் இருக்கும். அந்த டிரம்மைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு இரும்புச் சட்டத்தில் வட்ட வட்டமாக ரப்பர் தட்டுகள், அவற்றுக்குப் பேடு என்று பெயர், அடித்தால் டொக்கென்பதைத் தவிர அவற்றுக்குச் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர் போய் ஒரு சின்னப் பெட்டியில் சேரும், அந்தப் பெட்டிக்குள்தான் தவிலும் தபேலாவும் உறுமியும் பித்தளைத் தாளமும் மழையும் இடியும் எல்லாம் அடைந்துகிடக்கும். பேடு அடியை வாங்கி அனுப்பும், பெட்டி அதைச் சத்தமாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். பேடுக்குக் கை வேண்டும், பெட்டிக்குக் காது வேண்டும் என்பார் சந்தியாகு.

அவர் நல்ல வாசிப்புக்காரர், ஆனால் பொறாமைக்காரர், அந்தப் பொறாமை முழுவதும் வலது கையில் இருந்தது. அவள்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அவள் ஜோடிப் பாட்டுப் பாடும்போது கூடப் பாடுகிறவன் அரை அடி நெருங்கி நின்றால் அடுத்த அடி மேடையே பிளப்பதுபோல் விழும், முன்வரிசையில் யாரையாவது பார்த்து அவள் சிரித்தால் பாட்டின் நடுவில் இடி இடிக்கும், கேட்கிறவர்களுக்கு அது வாசிப்பின் வேகம், அவளுக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். ஒவ்வொரு உருட்டலையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு சின்ன அடி வைப்பார், வாசல்வரை போனவன் யார் இருக்கிறார்கள் என்று ஒருதரம் திரும்பிப் பார்ப்பதுபோல. அதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "நான் பாடறதா, இல்ல உங்களுக்குப் பதில் சொல்றதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அதோடு சரி.

அவர்களைச் சேர்த்துவைக்க முடியாமல், எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவைத் தலைவர் சூசைமாணிக்கம் முன்னிலையில் சாமான்கள் பிரிக்கப்பட்டன. எதையும் சரிபாதியாகப் பிரிப்பதில் அவருக்குப் பெரிய பேர். கட்டில் அவளுக்கு, மெத்தை சந்தியாகுவுக்கு. திருஇருதயப் படம் அவளுக்கு, அதன் முன்னால் எரிகிற சிவப்பு பல்பு அவருக்கு. டிரம் செட்டிடம் வந்தபோது சூசைமாணிக்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கை சந்தியாகுவோடது, அதனால தட்டுங்க அவருக்கு. சத்தத்த எல்லாம் தேடிப் பிடிச்சு பெட்டியில சேர்த்தது அமலோற்பவம், அதனால பெட்டி அவளுக்கு," என்றார், அந்த நியாயத்தின் அழகில் அங்கே இருந்த எல்லோரும் தலையாட்டினோம். தட்டு இல்லாத பெட்டியும் பெட்டி இல்லாத தட்டும் எதற்கு ஆகும் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டத்தையும் பேடுகளையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தியாகு காவிரிப் பாலத்தைத் தாண்டி, டோல்கேட்டில் இருந்த அவருடைய அக்கா ஞானம்மாள் வீட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அமலோற்பவம் வேறு பேடுகள் வாங்கினாள், வேறு ஆளையும் பிடித்தாள். ஆள் பெயர் தைரியநாதன், மணப்பாறைக்காரன், முப்பது வயதிருக்கும், ஒல்லி, வாய்த்துடுக்கு. பேடுகள் வேறு கம்பெனி. பெட்டி பழைய கம்பெனி. முதல்நாள் ஒத்திகையிலேயே அது வேலைக்காகவில்லை. அவன் மெதுவாக அடித்தால் பெட்டி ஊமையாக இருந்தது, ஓங்கி அடித்தால் ஒரு அடிக்கு இரண்டாகச் சத்தம் வந்தது, தவில் பேடைத் தட்டினால் பக்கத்தில் இருந்த தாளம் தானாக ஒலித்தது.

"என்னப்பா இது, நீ ஒண்ணு கேட்டா அது ஒண்ணு சொல்லுது?" என்றாள் அமலோற்பவம்.

"அக்கா, இந்த பேடு அனுப்பற அடி சன்னமா இருக்கு. உங்க பெட்டி இத்தன நாளா பெரிய அடி வாங்கியே பழகியிருக்கு. மாமா கை அப்படி."

"மாமா யாருக்கு மாமா?"

"சரி, அவரு கை அப்படி."

அவன் மெத்தையில்லாத கட்டிலில் பெட்டியை வைத்து நாள்கணக்காகத் திருகினான். அந்தப் பெட்டிக்குத் தன் கம்பெனி பேடுகளின் பெயர்கள் மட்டும்தான் தெரியும். வேற்றுக் கம்பெனி பேடை மாட்டினால், இருக்கிற பெயர்களில் எது கிட்டத்தட்டப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அதை ஏமாற்ற வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு திருகல்கள். சென்சிட்டிவிட்டியை ஏற்றினால் பெட்டியின் காது கூர்மையாகும், பூப்போல அடித்தாலும் கேட்கும். த்ரெஷோல்டை ஏற்றினால் வாசற்படி உயரும், அந்தப் படியை ஏற முடியாத சின்ன அடிகளைப் பெட்டி உள்ளே விடாது. "இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அக்கா பொழப்பே," என்றான். முதலில் காதைக் கூராக்கிக்கொண்டே போனான். ஒரு மத்தியானம், சென்சிட்டிவிட்டி ஒரு அளவைத் தாண்டியபோது, அவன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தான், அவன் டம்ளரை வாயில் வைத்திருக்கும்போதே பெட்டி வாசிக்க ஆரம்பித்தது.

நீளமான ஒரு உருட்டல். அதன் முடிவில், திரும்பிப் பார்க்கிற ஒரு சின்ன அடி.

அமலோற்பவம் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "டோல்கேட்டுலேர்ந்து அடிக்கிறாரு," என்றாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. சந்தியாகுவும் தன் பங்குக்கு வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை வாங்கித் தன் பேடுகளை அதில் மாட்டியிருந்தார், ஆனால் அந்தப் பெட்டியில் தகர டப்பாவில் கல் உருள்வதுபோல ஏதோ வந்ததே தவிர அவர் கை வரவில்லை. அவர் கை பழைய பெட்டிக்கே வந்தது, ஒயர் இல்லாமல், காவிரியைத் தாண்டி, மலைக்கோட்டையைச் சுற்றி, காந்தி மார்க்கெட்டின் வெங்காயச் சாக்குகளுக்கு மேலாக, எங்கள் தெருவின் மாடி வீட்டுக்கு. தன் சத்தம் எங்கே போகிறது என்று அவருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துபோனது, தெரிந்த பிறகு அவர் அமலோற்பவத்துக்குக் கச்சேரி இருக்கிற நாள்களில் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சாயங்காலம் பேடுகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்று ஞானம்மாள் மீன் வாங்க வந்த இடத்தில் சொன்னாள். அவருக்கு அவள் பாட்டு கேட்காது. அவள் எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டைப் பாடுவாள், எந்த வரியில் மூச்செடுப்பாள் என்பது மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது.

அந்தக் கல்யாண சீசனில் அமலோற்பவத்தின் குழுவுக்கு வந்த கூட்டத்தைப் போல நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மேடையில் தைரியநாதன் ஒரு பக்கம் வாசிக்க, யாருமே இல்லாத பக்கத்திலிருந்து இன்னொரு கை அதற்கு மேலே வாசிக்க, ஒரே பெட்டிக்குள் இரண்டு பேர் முட்டிக்கொள்கிற அந்தச் சத்தத்தில் ஜனங்கள் சாப்பாட்டுப் பந்தியைக்கூட மறந்தார்கள். பெண்வீட்டார் மண்டபத்துக்குத் தேதி பார்த்த கையோடு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு டோல்கேட்டுக்குப் போய், "அன்னிக்கி நீங்க அவசியம் உங்க வீட்டுலயே இருக்கணும்," என்று சந்தியாகுவுக்குப் பத்திரிகை வைத்தார்கள். கல்யாணத்துக்கு வராமல் இருப்பதற்கு அழைக்கப்பட்ட ஒரே மனிதர் அவர்தான், அதை அவர் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார். இதெல்லாம் பாவத்தில் சேருமா என்று சூசைமாணிக்கம் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டதற்கு, "பிரிஞ்சு இருக்கறதுதான் தப்பு. தட்டறதுல தப்பு ஒண்ணும் இல்ல," என்று சாமியார் சொல்லிவிட்டார்.

பொன்மலையில் போட்டிக்குழு வைத்திருந்த ராயப்பன் பொறுக்க முடியாமல், தன் டிரம் செட்டையும் நடுவில் பிரித்து, பெட்டியைத் தன் மனைவி மரியபுஷ்பத்தின் கையில் கொடுத்து, "நீ கொஞ்ச நாளைக்கு உங்கண்ணன் வீட்டுல போயி இரு புள்ள, நம்மளுக்கும் வருதான்னு பாப்போம்," என்றான்.

"போனா திரும்பி வரமாட்டேன்," என்றாள் மரியபுஷ்பம்.

"அந்தக் கோவம்தான் வேணும். அது இருந்தாத்தான் வேல செய்யும்."

அவள் போனாள். பெட்டியை அண்ணன் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்தாள். அதில் ஒன்றும் வரவில்லை, அவளும் வரவில்லை.

ஆண்களுக்கு அந்தக் கைதட்டல்மேல் பொறாமை என்றால், எங்களுக்கு வேறு விதமான பொறாமை. எதிர்வீட்டு லில்லி தன் புருஷனிடம், "ஒரே கூரைக்குக் கீழ படுத்திருக்க, நீ இருக்கியா இல்லியான்னு எனக்குத் தெரியல. சண்ட போட்டுட்டுப் போனவன் ஆறு தாண்டித் தட்டறான்," என்று சொன்னதை ஜன்னல் வழியாகத் தெருவே கேட்டது, கேட்ட பெண்கள் அவரவர் வீட்டுக்குள் போய் அவரவர் புருஷன் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுவதை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அமலோற்பவத்தின் மாடிக்குக் கீழ்வீட்டில் தனியாக இருந்த எனக்குப் பார்க்க ஆள் கிடையாது. கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்து, நானே போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, என் தலைக்கு மேலே கூரையில் அந்த உருட்டல் ஓடுவதைக் கேட்பேன், அது எனக்கு வந்ததில்லை என்பதை ஒவ்வொரு அடியிலும் தெரிந்துகொண்டே கேட்பேன்.

எல்லோரையும்விட வெந்தவன் தைரியநாதன். "கண்ணு முன்னாடி வேர்வ சிந்தறவன் நானு. கைதட்டு மட்டும் டோல்கேட்டுக்குப் போகுது," என்று மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் பொருமினான். "மிஸ், நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?"

"காது வேற எதுக்குடா இருக்கு, பிடிச்சதத்தான் கேக்கும்," என்றேன். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அமலோற்பவம் வெளியே சிடுசிடுப்பாகத்தான் இருந்தாள். என் குரலுக்கு மேலே ஏறி உட்காருகிறார், பாலம் தாண்டிப் போயும் காவல் காக்கிறார் என்று திட்டினாள். ஆனால் கச்சேரி நாள்களில் பாட்டு வரிசையை அவள் மாற்றவே இல்லை. மாற்றியிருந்தால் அவருடைய அடிகள் தப்புத் தப்பாக விழுந்து, ஒரே வாரத்தில் அவர் வாசிப்பதை நிறுத்தியிருப்பார். அது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்தக் கை நின்றுபோனது. ஒரு கச்சேரியில் வரவில்லை, அடுத்ததிலும் வரவில்லை. பெண்வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கிறார் என்றார்கள், கேரளாவில் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டார் என்றார்கள். ஞானம்மாள் மீன் வாங்க எங்கள் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தாள். அமலோற்பவம் ஒன்றும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவர் ஜெயித்ததாக ஆகிவிடும். தைரியநாதன் மட்டும் முகம் தெளிந்து, பெட்டியைத் தன் கைக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அப்புறம், தில்லைநகரில் ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பில், அவள் தாழ்ந்த குரலில் ஒரு பாட்டை எடுத்து, வாத்தியங்கள் எல்லாம் அடங்கி அவள் குரல் தனியாகப் போகிற இடத்தில், பெட்டியிலிருந்து ஒரு அடி விழுந்தது. அரிசியில் விரல் விட்டதுபோல. ஒரு தயக்கம். இன்னொரு அடி. கிணுக்.

சந்தியாகுவின் கை இல்லை அது. அதில் இடி இல்லை, உருட்டல் இல்லை, திரும்பிப் பார்க்கிற அந்தக் கடைசி அடி இல்லை. யாரோ கற்றுக்கொள்கிறார்கள், யாரோ, தட்டுக்கு வலிக்குமோ என்று பயந்துகொண்டு தட்டுகிறார்கள், அந்த யாரோவின் மணிக்கட்டில் வளையல் இருக்கிறது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள், அத்தனை பேரும் வளையல் என்றுதான் நினைத்தார்கள். அமலோற்பவம் அடுத்த வரியை மறந்தாள். எத்தனையோ வருடம் பாடிய பாட்டு. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தபடி நின்றாள்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் தெருவில் வேறு பேச்சு இல்லை. ஞானம்மாள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் குடியிருக்கும் நர்ஸ் என்றாள் ஒருத்தி. சமயபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் விதவை என்றாள் இன்னொருத்தி. "யாரா இருந்தாலும் சின்ன வயசு. அடியிலயே தெரியுது," என்றாள் லில்லி. அமலோற்பவம் அதைக் கேட்டுக்கொண்டு குழாயடியில் குடத்தை வழிய விட்டாள். அன்று மத்தியானம் அவள் சென்சிட்டிவிட்டியைக் கடைசிவரை திருகினாள்.

அந்த அளவில் பெட்டிக்கு எல்லாம் கேட்டது. பேடுமேல் யாரோ டம்ளரை வைத்து எடுப்பது. சட்டத்தில் யாரோ சாய்ந்து நிமிர்வது. கிணுக். எங்கள் பெண்கள் ஒவ்வொருவராக முறத்தோடு படியேறி வந்தார்கள், வந்தவர்களை அவள் போகச் சொல்லவில்லை, தனியாகக் கேட்பதற்கு அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். மத்தியானம் தவறாமல் அந்தக் கை வரும். நாள் போகப்போகத் தயக்கம் குறைந்தது. அவள் பாட்டுகளையே அது வாசிக்கப் பழகியது, அவள் மூச்செடுக்கிற இடங்களில் காத்திருந்தது, அவர் ஒருநாளும் காத்திராத விதத்தில் காத்திருந்தது, ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு அவளுக்கு வழிவிட்டது.

"என் பாட்டச் சொல்லிக்கொடுக்கறாரு பாருங்க அவளுக்கு," என்றாள் அமலோற்பவம். அவள் கன்ன எலும்புகள் துருத்திக்கொண்டு வந்திருந்தன. "நான் எங்கெங்க மூச்சு விடுவேன்னு அவளுக்குச் சொல்லியிருக்காரு."

தைரியநாதன் தலையில் கை வைத்தான். தஞ்சாவூரில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம் வந்திருந்தது. தில்லைநகர்ச் சங்கதிக்குப் பிறகு அவளை நம்பி அழைத்த ஒரே இடம் அதுதான், அதில் சொதப்பினால் குழுவைக் கலைத்துவிட வேண்டியதுதான். காது அவ்வளவு கூராக இருக்கும் பெட்டியில் அவன் அடித்த ஒரு அடி மூன்றாகச் சிதறியது, ஒரு பேடைத் தொட்டால் ஏழும் கத்தின.

"அக்கா, இந்த அளவுல கடவுளே வந்தாலும் வாசிக்க முடியாது. ஒண்ணு நான், இல்ல அந்தக் கை. இந்தப் பெட்டி ஒருத்தரத்தான் கேக்கும்."

"எனக்கு அவ யாருன்னு தெரியணும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா நீ சொல்றபடி வச்சுக்கோ."

அடுத்த நாள் மத்தியானம் அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கீழே வந்து, "மிஸ், கூட வாங்க. நான் ஏதாவது பேசிட்டேன்னா பிடிச்சு இழுத்துட்டு வரணும்," என்றாள். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டினோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் இருந்தது. ஞானம்மாள் கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் அமலு," என்றாள். மேலேயிருந்து ரப்பரில் டொக், டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அமலோற்பவம் செருப்போடு படியேறினாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. சந்தியாகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை, மேடைகளைப் பிளந்த அந்தக் கை, மடியில் ஒரு துண்டின்மேல் விரல் மடங்கிக் கிடந்தது. முகத்தின் வலது பாதியும் அதைப்போலவே தூங்கிக்கொண்டிருந்தது. இடது கையில் குச்சி. வலது கையில் எப்போதும் கட்டியிருந்த ஸ்டீல் சங்கிலி வாட்ச் இப்போது இடது மணிக்கட்டில், தளர்ந்து, ஒவ்வொரு அடிக்கும் இறங்கி இறங்கிக் கிணுக்கென்றது.

அவர் நிறுத்தினார். நாக்கு கொஞ்சம் குழறியது. "கேட்டுச்சா?" என்றார்.

"ஊருக்கே கேட்டுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

அமலோற்பவம் அந்தக் கையையே பார்த்தாள். "யாரோ பொம்பளன்னு நெனச்சேன்."

பாதி முகத்தால் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவள் முகம் கடுத்தது. ஞானம்மாளும் நானும், அவள் இப்போது அவர் காலில் விழுந்து அழுவாள் என்று வாசலில் நின்றோம். அவள் அழவில்லை.

"இந்தக் கை இத்தன வருஷமா எங்க இருந்துச்சு?" என்றாள். "நான் பக்கத்துல நின்னு பாடறப்ப எங்க இருந்துச்சு? எனக்கு ஒருநாளாவது இப்படி வாசிச்சிருக்கீங்களா?"

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "அந்தக் கை விடல அமலு," என்று மடியில் கிடந்ததைக் கண்ணால் காட்டினார். பிறகு, "பெட்டியக் கொண்டாந்துடு. ஒயரப் போட்டு, ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் துண்டை எடுத்து அவர் கடைவாயைத் துடைத்தாள். அக்காவிடம் மருந்தெல்லாம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். காப்பி குடித்தாள். கிளம்பும்போது, "ஒரு பாட்டு வாசிங்க," என்றாள். அவர் குச்சியை எடுத்தார், எடுத்துவிட்டு, "நீ போ. போனப்புறம் வாசிக்கிறேன். நீ நின்னா வராது," என்றார்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் பஸ் நின்றது. அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேற பொம்பளையா இருந்திருக்கலாம் மிஸ்," என்றாள். "போயி முடியப் பிடிச்சு நாலு அறை விட்டுட்டு வந்திருப்பேன். இத என்ன பண்றது?"

நாங்கள் படியேறியபோது பெட்டியில் அந்தக் கை வாசித்துக்கொண்டிருந்தது. சொன்னபடியே, அவள் போனபிறகு. மாடியில் முறங்களோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து, "யாருடி? யாரு?" என்றார்கள். நான்தான் சொன்னேன். சொன்னதும் லில்லி வாயைப் பொத்திக்கொண்டாள், மற்றவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எவ்வளவு பாக்கியம் செய்தவள் என்று அவர்கள் அமலோற்பவத்தைப் பார்த்த பார்வையில் முன்பிருந்ததைவிடப் பத்து மடங்கு பொறாமை இருந்தது. தனக்குக் கிடைக்காத ஒன்றுக்காக ஊரே தன்மேல் பொறாமைப்படுவதைத் தாங்கிக்கொண்டு அவள் நின்றாள்.

"தைரியம்," என்று கூப்பிட்டாள். "அந்த வாசற்படின்னு சொன்னியே, அது எது?"

அவன் காட்டினான். அவனே திருகக் கையை நீட்டினான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டாள். ஒவ்வொரு எண்ணாக ஏற்றினாள். முதலில் கிணுக் போனது. அப்புறம் தயங்கி விழுகிற அடிகள் போயின. பழகிய அடிகள் கொஞ்ச நேரம் படிக்கு மேலே தலையை நீட்டி நீட்டிப் பார்த்தன, அவள் மூச்செடுத்துவிட்டு மறுபடி தொடங்குகிற இடங்களில் மட்டும் அந்தக் கை கொஞ்சம் அழுத்தமாக விழும், அந்த அடிகள் கடைசிவரை நின்றன. லில்லி, "விடுடி, பாவம்," என்றாள். அமலோற்பவம் இன்னொரு எண் ஏற்றினாள். பிறகு தைரியநாதன் தன் பேடுகளுக்கு முன்னால் உட்கார்ந்து அடித்துப் பார்த்தான். ஒரு அடிக்கு ஒரு சத்தம். மெதுவாக அடித்தால் மெதுவாக, ஓங்கினால் ஓங்கி. வேற்றுக் கம்பெனி பேடும் அந்தப் பெட்டியும் ஒரே வீட்டில் பிறந்ததுபோலப் பொருந்திப்போயின.

தஞ்சாவூர்க் கச்சேரி நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு குழுவுக்கு வேலைக்குக் குறைவில்லை. எங்கள் தெருப் பெண்கள் மட்டும் வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானங்களில் அவரவர் வீட்டிலேயே பருப்பு பொறுக்கினார்கள், கல் பல்லில் படாமல் சாப்பிட முடிந்தது. ராயப்பன் போய் மரியபுஷ்பத்தைக் கெஞ்சிக் கூட்டிவந்தான். டோல்கேட்டில் சந்தியாகு ஒவ்வொரு மத்தியானமும் வாசித்தார். "கேக்குமா?" என்று அக்காவிடம் கேட்பாராம். கேக்கும் என்று ஞானம்மாள் சொல்லுவாளாம். அடுத்த தவக்காலத்தில் அவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு அமலோற்பவம் வந்தாள், துக்கப் பாட்டுகளை அவளே பாடினாள், எந்த வாத்தியமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நான் இப்போது மேலே ஏறுவதில்லை, முட்டி விடுவதில்லை. மாடியில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். தைரியநாதனுக்குக் கல்யாணமாகி இரண்டு பெண்கள். அமலோற்பவம் ஓசூரில் தங்கை மகள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு காதும் கேட்பதில்லை. வாங்கிக் கொடுத்த காதுக் கருவியை ஒரே ஒரு மத்தியானம் மாட்டிக் காதைக் கூராக்கிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டாள்.